டிஎஸ்எச் சொல்வதும் சொல்லாததும்

களியக்காவிளையைத் தாண்டியதும் கேரளம் தொடங்குகிறது. நெடுஞ்சாலையோடு பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, அப்புறம் நெய்யாற்றின்கரை. கிழக்கே உள்ளடங்கிக் காரக்கோணம், வெள்ளறடை. மேற்கே கடலைத் தொட்டுக்கொண்டு பொழியூர். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், வைத்தியம் தேடுவதும் இன்றைக்கும் இரண்டு பக்கமும்தான். ஒரு குடும்பத்தின் மருத்துவப் பையைத் திறந்தால் பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரியின் ஓ.பி. சீட்டும், மார்த்தாண்டத்து ஆய்வகம் ஒன்றின் தாளும், திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜின் டிஸ்சார்ஜ் கார்டும் ஒன்றாக மடங்கிக் கிடக்கும். தைராய்டு குறைவைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டிய விவரங்களில் பெரும்பகுதி அந்தப் பைக்குள்ளேயே இருக்கிறது. அதைத் தேதி வரிசையில் அடுக்கிப் படிக்கத்தான் ஆளும் நேரமும் கிடைப்பதில்லை.

“காலையில எழும்பவே முடியல, சீணமா இருக்கு, முடி கொத்துக் கொத்தாப் போவுது, சாப்பாட்டைக் குறைச்சும் தடி வைக்குது.” இந்த ஊர்களில் நடுவயதுப் பெண்களிடம் பேசினால் இதில் ஒன்றையாவது கேட்கலாம். இவை எல்லாமே தைராய்டு குறைவின் அறிகுறிகள். மலச்சிக்கல், வறண்ட தோல், கரகரத்த குரல், அதிகப்படியான மாதவிடாய்ப் போக்கு, கண்ணிமை ஊதல், மெதுவான நாடி, மறதி ஆகியவையும் அப்படியே. ரத்தசோகை, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, சர்க்கரை நோய், மாதவிடாய் நிற்கும் பருவம் என வேறு பல காரணங்களுக்கும் இதே பட்டியல் பொருந்தும். அதனால் ஓர் அறிகுறி இருக்கிறதா என்பதைவிட, அது எப்போது புதிதாக வந்தது என்ற கேள்விக்கு மதிப்பு அதிகம். மீன மாத வெக்கையில் மற்றவர்கள் விசிறிக்கு அடியில் கிடக்க, ஒருத்தி மட்டும் விசிறியை நிறுத்தச் சொல்லிப் போர்த்திக்கொள்கிறாள், போன வருஷம் வரை அவள் அப்படி இல்லை என்றால், அது கவனிக்க வேண்டிய தகவல்.

கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு சுரப்பி டி4, டி3 என்ற இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ரத்தத்தில் அவற்றின் அளவைக் கவனித்து, குறைந்தால் டிஎஸ்எச் என்ற ஹார்மோனை அனுப்பித் தைராய்டைத் தூண்டுகிறது. தோட்டத்தின் மறுகோடியில் நிற்கும் வேலையாளைக் கூப்பிடுவதைப் போன்றது இது: ஆளுக்குக் காது மந்தமாக மந்தமாகக் கூப்பிடுபவரின் குரல் உயரும். எவ்வளவு உயரும் என்பதுதான் வியப்பு. டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்எச் இரண்டு மடங்காவதில்லை, ஏறக்குறைய நூறு மடங்காகிறது. சுரப்பி லேசாகத் தளரும்போதே டிஎஸ்எச் காட்டிக்கொடுத்துவிடுவதால் உலகம் முழுவதும் அதையே முதல் சோதனையாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனை அளப்பது கூப்பிடுபவரின் குரலை. அவர் நல்ல நிலையில் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் வேலையாளைப் பற்றிய முடிவுக்கு நாம் வருகிறோம்.

இந்தச் சோதனை வருவதற்கு முன்பும் நோயைக் கண்டுபிடித்தார்கள். 1873இல் லண்டனில் வில்லியம் கல், முகம் ஊதி, பேச்சும் நடையும் மந்தமான பெண்களை விவரித்தார். 1891இல் நியூகாசில் நகரத்து மருத்துவர் ஜார்ஜ் மரே, ஆட்டுத் தைராய்டின் சாற்றை இந்த நோய் முற்றிய ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் தேறி, 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919இல் இறந்தார். 1914 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டல் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். எவரெஸ்ட்டில் 1922இலும் 1924இலும் ஏறிய ஹோவர்ட் சோமர்வெல் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் அறுவை மருத்துவராக இருந்த காலத்தில் எந்த ஆய்வகமும் டிஎஸ்எச் அளக்கவில்லை. மருத்துவரிடம் இருந்தவை கண்ணும் கையும் காதும். நோயாளியை நாற்காலியில் முழங்காலிட வைத்துக் குதிகால் தசைநாணை ரப்பர் சுத்தியலால் தட்டுவார்கள். பாதம் சட்டென்று அசைந்து, திரும்பும்போது தயங்கித் தயங்கித் தளர்ந்தால் தைராய்டு குறைவு என்று சந்தேகிப்பார்கள். இந்தச் சோதனையை இன்றைக்கும் செய்யலாம், காசு செலவில்லை. ரத்தத்தில் கடுகளவிலும் கடுகளவாக இருக்கும் ஹார்மோனை அளக்கும் முறையை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் இறுதியில் உருவாக்கினார்கள். யாலோ அதற்காக 1977இல் நோபல் பரிசு பெற்றார். அதன் பேரப்பிள்ளைகளான கருவிகள் இன்று நெய்யாற்றின்கரையிலும் இருக்கின்றன. சோதனை கைக்கு எட்டிவிட்டதால், கேள்வி கேட்கும் பழக்கம் பின்னால் போய்விட்டது என்பதுதான் என் கவலை.

நோய் இங்கே அபூர்வமா என்றால், இல்லை. கொச்சி அமிர்தா மருத்துவமனையைச் சேர்ந்த உஷா மேனனும் உடனிருந்தவர்களும் 971 பேரைச் சோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், 3.9 சதவீதத்தினருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. இன்னும் 9.4 சதவீதத்தினருக்கு டிஎஸ்எச் மட்டும் கூடியிருந்தது, டி4 சரியாகவே இருந்தது. அவர்கள் அயோடின் பற்றாக்குறை இல்லாத மக்கள். இந்தியாவின் எட்டு நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013இல் வந்த ஆய்வு 10.95 சதவீதம் என்றது.

அயோடின் குறையவில்லை என்றால் சுரப்பி ஏன் தளர்கிறது? பெரும்பாலும் உடலின் எதிர்ப்பு அணுக்களே அதைத் தாக்குவதால். ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912இல் நான்கு பெண்களின் சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்து விவரித்த அழற்சி இது. ரத்தத்தில் டிபிஓ எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த ஊர்களில் பழி விழுவதோ மரச்சீனிக்கிழங்கின் மேல். “கெழங்கு தின்னா தைராய்டு வரும்” என்று பயந்து பலர் அதை அடியோடு விட்டுவிட்டார்கள். பயத்துக்கு அறிவியல் அடிப்படை கொஞ்சம் உண்டு. கிழங்கில் உள்ள லினமாரின் சயனைடைத் தருகிறது. உடல் அதைத் தயோசயனேட்டாக மாற்றுகிறது, அது தைராய்டுக்குள் அயோடின் போகும் வழியை மறிக்கிறது. ஆப்பிரிக்காவில் காங்கோவின் உட்பகுதிகளில் இதனால் கழுத்துக்கழலை பரவியது உண்மை. ஆனால் அங்கே அயோடினும் மிகக் குறைவு, கிழங்கும் சரியாகப் பக்குவப்படுத்தப்படவில்லை. இங்கே கதை வேறு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இந்தக் கிழங்கைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரின் வயிற்றைக் காத்ததும் இதுவே. நம் அம்மைமார் கிழங்கை வெட்டிப் போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மீன்கறியோடு வைப்பார்கள். தண்ணீரோடு சயனைடில் பெரும்பகுதி போகிறது. மீன் அயோடினைத் தருகிறது, சயனைடை முறிக்க உடலுக்குத் தேவையான கந்தகமுள்ள புரதத்தையும் தருகிறது. இதைவிட நல்ல ஜோடியை ஓர் ஆய்வுக்கூடம் யோசித்துச் சேர்க்க முடியாது. அயோடின் உப்பும் மீனும் சாப்பிடும் வீட்டில் இப்படிச் சமைத்த கிழங்கைக் கைவிட வேண்டிய அவசியமில்லை.

டிஎஸ்எச் 5.8 என்று ஒரு தாள் வருகிறது. அளவுகோலின் மேல் எல்லை பெரும்பாலும் 4 அல்லது 4.5. தாளில் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் அந்த எண்ணைக் கண்டதும் அன்றே மாத்திரை தொடங்கி, வாழ்நாள் முழுக்கத் தொடர்வது நடக்கிறது. ஆனால் டிஎஸ்எச் ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். நடுராத்திரிக்குப் பின் உச்சம், பிற்பகலில் தாழ்வு, சாப்பிட்டாலும் சற்று இறங்கும். காலை வெறும் வயிற்றில் எல்லைக்கு மேலே இருக்கும் ஒருவர் மதியச் சாப்பாட்டுக்குப் பின் எல்லைக்குள் வந்துவிடலாம். டெங்கு, எலிக்காய்ச்சல், நிமோனியா போன்ற கடுமையான நோயின்போது டிஎஸ்எச் தாழ்ந்து, தேறிவரும் வாரங்களில் தற்காலிகமாக 10ஐக்கூடத் தாண்டும். உடல் எடை மிகுந்தவர்களுக்கும் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் இயல்பாகவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். 2017இல் ஐரோப்பாவில் 65 வயதைக் கடந்த 737 பேரிடம் நடந்த டிரஸ்ட் ஆய்வில், லேசாக டிஎஸ்எச் கூடியவர்களில் பாதிப் பேருக்குத் தைராக்சினும் பாதிப் பேருக்குப் போலி மாத்திரையும் கொடுத்தார்கள். ஓராண்டுக்குப் பின் சோர்வில் இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. அந்தச் சோர்வுக்குக் காரணம் வேறெங்கோ இருந்தது, மாத்திரை தொடங்கியதும் அதைத் தேடுவது நின்றுபோகும்.

எனவே 4க்கும் 10க்கும் இடையில் எண் வந்து, ஆள் கருவுற்றிருக்கவும் இல்லை, கருவுறத் திட்டமிடவும் இல்லை என்றால், இரண்டு மூன்று மாதம் கழித்து, அதே நேரத்தில், முடிந்தால் அதே ஆய்வகத்தில் திரும்பப் பார்ப்பதுதான் முறை. அப்போது எஃப்டி4 என்னும் கட்டற்ற டி4ஐயும் டிபிஓ எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் விக்கம் வட்டாரத்து மக்களை இருபது ஆண்டு தொடர்ந்ததில், டிஎஸ்எச் கூடி எதிர்ப்பொருளும் இருந்த பெண்களில் ஆண்டுக்கு 4.3 சதவீதத்தினர் முழு நோய்க்குப் போனார்கள். எதிர்ப்பொருள் இல்லாமல் டிஎஸ்எச் மட்டும் கூடியவர்களில் அது 2.6 சதவீதம். முதல் வகையினரை ஆண்டுதோறும் கவனிக்க வேண்டும். டிஎஸ்எச் 10ஐத் தாண்டி நின்றாலோ, எஃப்டி4 குறைந்துவிட்டாலோ மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

எல்லையோர மக்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஓர் ஆய்வகம் எஃப்டி4ஐ நானோகிராமில் எழுதும், அடுத்தது பிகோமோலில் எழுதும். முந்தையதில் 1.2 என்பதும் பிந்தையதில் 15.4 என்பதும் ஒரே அளவுதான். பல ‘பேக்கேஜ்’ சோதனைகளில் வருவது மொத்த டி4. கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரையாலும் ஹார்மோனைச் சுமக்கும் புரதம் கூடுவதால் மொத்த டி4 பொய்யாக உயர்ந்து தெரியும். கருவிகளும் வேறு வேறு. இரண்டு ஊர்த் தாள்களை வைத்துக்கொண்டு நோய் ஏறியது, இறங்கியது என்று முடிவு கட்டுவதற்கு முன் அலகையும் எல்லையையும் பார்த்துவிட வேண்டும்.

முடி கொட்டுகிறது என்று மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் பெரும் அளவில் இருக்கும். பல ஆய்வகக் கருவிகள் ஹார்மோனைப் பிடிக்க இதே பயோட்டினைப் பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது மிதந்தால் அத்தகைய கருவி டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4ஐக் கூட்டியும் காட்டும். உண்மையில் தைராய்டு குறைந்ததால் முடி கொட்டும் ஒருத்தி, அந்த முடிக்காகவே வாங்கிய மாத்திரையால் நோயை மறைத்துக்கொள்கிறாள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதை எச்சரித்தது. சோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்தினால் போதும். ஆனால் ஊட்டச்சத்து மாத்திரையை மருந்தாகவே யாரும் எண்ணுவதில்லை, அதனால் மருத்துவரிடம் சொல்வதுமில்லை.

கொழுப்பு கூடி ஸ்டாட்டின் மாத்திரை வாங்கியவர்களையும் கவனிக்க வேண்டும். தைராய்டு குறைவே கொலஸ்ட்ராலைக் கூட்டும். அது தெரியாமல் ஸ்டாட்டின் கொடுத்தால் தசைவலியும் வரக்கூடும். ஸ்டாட்டினுக்கு முன் ஒரு டிஎஸ்எச் பார்ப்பது நல்ல வழக்கம்.

இதுவரை சொன்னதில் டிஎஸ்எச் ஏதோ ஒரு வகையில் பேசியது. அது பேசவே பேசாத நோயாளிகளும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். என்னை அதிகம் உறுத்துவது அவர்கள் நிலைதான்.

வெள்ளறடைப் பக்கம் விடியும் முன்பே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போவார்கள். சருகுக்குள் கண்ணாடி விரியன் கிடக்கும். அந்தப் பக்கத்து மலையாளத்தில் அணலி. அதன் விஷம் ரத்தத்தின் உறையும் ஒழுங்கைக் குலைக்கிறது, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. விஷமுறிவு மருந்தும் டயாலிசிஸும் கொடுத்துப் பலரை இன்று காப்பாற்றிவிடுகிறார்கள். ஆனால் சிலருக்கு அதே சமயத்தில் பிட்யூட்டரிக்குள்ளும் ரத்தம் கசிந்தோ உறைந்தோ அது செத்துவிடுகிறது. 1987இல் பர்மாவிலிருந்து டேவிட் வாரெல் உள்ளிட்ட மருத்துவர்கள் இதை லான்செட் இதழில் விரிவாக எழுதினார்கள். தென்னிந்திய மருத்துவமனைகளிலிருந்தும் இத்தகைய நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் வந்திருக்கின்றன. கடித்த காயம் ஆறி, மாதங்களோ வருஷங்களோ கழிந்தபின் அவர்களுக்குச் சோர்வு, பசியின்மை, தலைசுற்றல் வரும். தாடி மெலியும், தாம்பத்திய ஆசை போகும், ரத்தத்தில் சோடியம் தாழும். ‘விஷம் உள்ளே கிடக்கு’ என்று வீட்டில் சொல்வார்கள். ஆய்வகம் டிஎஸ்எச்சைப் பார்த்து, சரியான அளவு என்று எழுதிக் கொடுக்கும். கூப்பிடுபவருக்கே குரல் போய்விட்டது. வேலையாள் ஓய்ந்து நிற்பது யாருக்கும் தெரியாது.

பிரசவத்தில் ரத்தம் கொட்டிய பெண்ணுக்கும் இதுவே நேரும். கர்ப்பத்தில் பெருத்திருக்கும் பிட்யூட்டரி, ரத்த அழுத்தம் சரிந்ததும் ஓட்டமின்றிச் சாகிறது. ஹரோல்ட் ஷீஹன் 1937இல் இதை விளக்கியதால் இந்த நோய் அவர் பெயரிலேயே வழங்குகிறது. இப்போது கேரளத்தில் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கை விரைவாகக் கவனிக்கிறார்கள். ஆனால் நாற்பது வருஷம் முன்பு வீட்டில் பெற்று, ஒரு பானை ரத்தம் போனதாக இன்றும் சொல்லும் அம்மைமார் இருக்கிறார்கள். குழந்தைக்குப் பால் சுரந்ததா, அதன்பின் தீட்டு வந்ததா என்ற இரண்டு கேள்விகளை அவர்களிடம் யாராவது கேட்க வேண்டும். இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், டிஎஸ்எச் என்ன சொன்னாலும் எஃப்டி4ஐப் பார்க்காமல் விடக் கூடாது. எஃப்டி4 குறைந்து, டிஎஸ்எச் குறைந்தோ சாதாரணமாகவோ இருந்தால் கோளாறு பிட்யூட்டரியில்.

அப்படிக் கண்டுபிடித்த உடனே தைராக்சின் கொடுப்பது ஆபத்து. பிட்யூட்டரி செத்தால் கார்ட்டிசோலும் குறைந்திருக்கும். தைராக்சின் உடலை முடுக்கி, மிச்சமிருக்கும் கார்ட்டிசோலையும் வேகமாகக் கரைத்துவிடும். நோயாளி வாந்தியும் மயக்கமுமாகச் சரிந்து உயிருக்கே போராடலாம். காலை எட்டு மணி வாக்கில் கார்ட்டிசோல் பார்த்து, குறைந்திருந்தால் முதலில் ஸ்டீராய்டு, அதற்குப் பின்பே தைராக்சின். இவர்களுக்கு மருந்தின் அளவை டிஎஸ்எச் வைத்துச் சரிபார்க்கவும் முடியாது, எஃப்டி4தான் வழி. பாம்புக்கடியின் டிஸ்சார்ஜ் கார்டைப் பத்து வருஷமானாலும் தூக்கிப் போடக் கூடாது என்பது இதனால்தான்.

பிறந்த குழந்தைகளுக்கு நேரம் இன்னும் குறைவு. சுரப்பி வளராமலோ வேலை செய்யாமலோ பிறக்கும் குழந்தை முதல் வாரங்களில் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அறிகுறி தெரியும் வரை காத்திருந்தால் மூளை வளர்ச்சியில் ஏற்பட்ட நஷ்டம் திரும்பாது. முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும். கனடாவின் கியூபெக்கில் ழான் துசோ 1970களில் குதிகால் ரத்தச் சொட்டை வடிதாளில் எடுத்துச் சோதிக்கும் முறையைத் தொடங்கினார். கேரளத்தின் அரசுப் பிரசவ மருத்துவமனைகளில் சில பிறவிக் கோளாறுகளுக்கு இந்தச் சோதனை செய்கிறார்கள், அதில் தைராய்டு ஒன்று. பிறந்த முதல் நாளில் டிஎஸ்எச் இயல்பாகவே எகிறியிருப்பதால் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் சொட்டு எடுக்க வேண்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகும் வழக்கத்தில், பாறசாலை மருமகள் கருங்கலிலோ குழித்துறையிலோ பெறுவாள், அங்குள்ள மருமகள் இங்கே வந்து பெறுவாள். முடிவு வரும்போது தாயும் பிள்ளையும் எல்லைக்கு அப்பால் இருப்பார்கள். குதிகால் ரத்தம் எடுத்தார்களா, எந்தத் தொலைபேசி எண்ணைக் கொடுத்தோம் என்று இரண்டு வீட்டாரும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். டிஎஸ்எச் மட்டும் பார்க்கும் சோதனை பிட்யூட்டரிக் கோளாறுள்ள குழந்தையைத் தவறவிடும். ஆகவே மஞ்சள் காமாலை நீண்டு, சர்க்கரை அடிக்கடி தாழும் குழந்தையை ‘சோதனை சரி’ என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது.

கழுத்து ஸ்கேன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையில் கட்டி தட்டுப்படாதபோது தைராய்டு குறைவுக்கு ஸ்கேன் தேவையில்லை. பார்த்தால் சிறு முடிச்சுகள் பலருக்கும் தெரியும், அங்கிருந்து ஊசிச் சோதனை, அறுவை என்று சங்கிலி நீளும். தென்கொரியாவில் ஸ்கேன் பெருகியபின் 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டுப் புற்றுநோய்க் கணக்கு பதினைந்து மடங்கானது, இறப்பு ஏறக்குறைய அப்படியே இருந்தது. திருவனந்தபுரத்திலும் பெண்களிடம் இந்தக் கணக்கு ஏறியிருப்பதைக் குறித்து இதே கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள்.

நோய் உறுதியாகி மருந்து தொடங்கியபின்னும் கண்டறிதல் முடிவதில்லை. அதிகப் போக்கால் ரத்தசோகை வந்த பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். அதையும் தைராக்சினையும் காலையில் ஒன்றாக விழுங்கினால் தைராக்சின் குடலில் ஏறாது. கால்சியமும் அப்படியே. டிஎஸ்எச் குறையவில்லை என்று மருந்தைக் கூட்டுவதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். வெறும் வயிற்றில் தைராக்சின், அரைமணி நேரத்துக்கு மேல் கழித்துக் கட்டன்சாயா, நான்கு மணி நேரம் கழித்து இரும்பும் கால்சியமும். தைராக்சினின் பாதி உடலை விட்டுப் போகவே ஒரு வாரம் ஆகும் என்பதால், அளவை மாற்றினால் ஆறு வாரத்துக்கு முன் சோதிப்பது வீண் செலவு.

பிள்ளை பெற்ற ஆண்டுக்குள் வரும் தைராய்டு குறைவு பல பெண்களுக்குத் தானே சரியாகிவிடும். அப்போது தொடங்கிய 25 அல்லது 50 மைக்ரோகிராமைப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரை விழுங்குகிறவர்கள், இன்னும் தேவைதானா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அவர் மேற்பார்வையில் குறைத்தோ நிறுத்தியோ, ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்எச்சும் எஃப்டி4ஐயும் பார்த்தால் தெரிந்துவிடும். சுரப்பியை அறுத்து எடுத்தவர்கள், கதிரியக்க அயோடின் வாங்கியவர்கள், பிட்யூட்டரி பழுதானவர்கள், கருவுற்றவர்கள், கருவுற எண்ணுகிறவர்கள், எதிர்ப்பொருளோடு டிஎஸ்எச் மிக உயர்ந்து நின்றவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது. மருந்தில் இருக்கும்போதே கருவுற்றவர்கள், நாள் தள்ளிப்போனது உறுதியான வாரத்திலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர்களுக்குப் பெரும்பாலும் கால்பங்கு கூடுதலாகத் தேவைப்படும்.